பாரம் என்றால் என்ன? ஒரு புத்தகம் உருவாகும் விதம்

புத்தகத்தைப் பற்றி இரண்டு விஷயங்களை நாம் ரொம்ப சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஒன்று, புத்தகத்தைக் கண்டுபிடித்தவர் குட்டன்பர்க் என்பது. பொது அறிவு வினா விடையில் தொடங்கி வாட்ஸ்அப் வரைக்கும் இது ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று, ஒவ்வொரு பக்கமாக அச்சடித்து, வரிசையாக அடுக்கி, முதுகில் பசை தடவினால் புத்தகம் என்கிற எண்ணம். ஜெராக்ஸ் கடையில் நோட்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்டுப் பழகியவர்களுக்கு அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை.

இரண்டுமே சரியில்லை. இரண்டாவதைத் திருத்திக்கொண்டால் முதலாவது கிட்டத்தட்ட தானாகவே தெளிந்துவிடும். அதற்குத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: பாரம். ஜார்ஜ் டவுன், ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் பிரஸ் வேலையோ பைண்டிங் வேலையோ பார்த்தவர்கள் வீட்டில் இந்தச் சொல் சாதாரணமாகப் புழங்கும். கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு போனால், "மொத்தம் எத்தனை பாரம் வரும்?" என்றுதான் முதலில் பேச்சு தொடங்கும். பக்கக் கணக்கெல்லாம் அப்புறம்தான்.

## பள்ளிக்கூட நோட்டிலிருந்து தொடங்கலாம்

நடுவில் பின் அடித்த பள்ளிக்கூட நோட்டை எல்லோரும் பார்த்திருப்போம். முன்பாதியில் ஒரு தாளைக் கிழித்தால், பின்பாதியில் எங்கோ ஒரு தாள் கழன்று கையோடு வரும். அது ஏன்? நாம் கிழித்தது ஒரு தாள் அல்ல, ஒரு தாளின் பாதி. அகலமான ஒரு தாளை நடுவில் மடித்து, அதற்குள் இன்னொன்றை, அதற்குள் இன்னொன்றை வைத்து, மடிப்பின் மேல் பின் அடித்திருக்கிறார்கள். முதல் தாளுக்கு ஜோடி கடைசித் தாள். நட்டநடுவில் இருப்பவைதான் பக்கத்துப் பக்கத்து ஜோடி.

புத்தகத்தின் அடிப்படையும் இந்த மடிப்புதான். ஒரே வித்தியாசம், நோட்டில் ஒரு தடவை மடித்ததைப் புத்தகத்தில் மூன்று தடவை மடிக்கிறார்கள்.

இதைப் படிப்பதைவிடச் செய்து பார்ப்பது நல்லது. வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிதாக இருந்தால் வசதி. பாதியாக மடியுங்கள், திருப்பி மறுபடி பாதியாக, இன்னொரு தடவை பாதியாக. இப்போது கையில் இருப்பது எட்டு இதழ் உள்ள சின்னப் புத்தகம். ஒரு இதழுக்கு முன்னும் பின்னும் சேர்த்து இரண்டு பக்கம், ஆக 16 பக்கம். மேல் விளிம்பில் இதழ்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை வெட்டாமல், விரலால் விலக்கி விலக்கி, படிக்கும் வரிசையில் 1 முதல் 16 வரை எண் போடுங்கள்.

சரி, இப்போது தாளை முழுதாக விரித்துப் பாருங்கள். எண்கள் தாறுமாறாகக் கிடக்கும். ஒரு பக்கத்தில் 1, 4, 5, 8, 9, 12, 13, 16 இருக்கும். மறுபக்கத்தில் மீதி எட்டும் இருக்கும். பாதி எண்கள் தலைகீழாக நிற்கும். 1க்குப் பக்கத்தில் 2 இல்லை, 16 இருக்கிறது. 4க்குப் பக்கத்தில் 13. முதுகு மடிப்பின் இரு பக்கமும் உள்ள எண்களைக் கூட்டினால் எப்போதும் 17 வரும்.

அச்சகத்தில் பெரிய தாளின் மேல் பக்கங்களை இப்படித்தான் அடுக்குகிறார்கள். பார்க்கக் குழப்பமாக இருக்கும், மடித்தால் சரியான வரிசைக்கு வந்துவிடும். இப்படி ஒரே தாளில் அச்சாகி, மடித்தால் வரிசைக்கு வருகிற பக்கங்களின் தொகுதிக்குப் பெயர்தான் பாரம். பொதுவாக ஒரு பாரம் 16 பக்கம். தாளும் மெஷினும் எவ்வளவு பெரியவை என்பதைப் பொறுத்து 8 பக்கமாகவும் 32 பக்கமாகவும் அமையலாம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: பெரிய தாளில் பல பக்கங்களை ஒன்றாக அச்சடித்து, மடித்து, அந்த மடிப்புகளை அடுக்கிச் சேர்ப்பதுதான் புத்தகம். தனித்தனிப் பக்கம் என்பது கடைசியில் விளிம்பை வெட்டிய பிறகு வருவது.

## இது தெரிந்தால் விளங்கும் சில விஷயங்கள்

சில புத்தகங்களின் கடைசியில் இரண்டு மூன்று வெற்றுப் பக்கங்கள் இருக்கும், அல்லது பதிப்பகத்தின் மற்ற நூல்களின் பட்டியல் இருக்கும். பாரம் நிறையவில்லை, இடத்தை எதையாவது போட்டு நிரப்பியிருக்கிறார்கள் என்று பொருள். புத்தகம் 162 பக்கம் வந்துவிட்டால் பதிப்பாளர் எழுத்தாளரிடம், "எப்படியாவது இரண்டு பக்கத்தைக் குறைங்க சார்" என்று கெஞ்சுவதும் இதனால்தான். 160 பக்கம் என்றால் சரியாகப் பத்து பாரம். மிச்சம் இரண்டு பக்கத்துக்காக மறுபடி தாள், மறுபடி மெஷின், மறுபடி மடிப்பு.

64ஆம் பக்கத்துக்குப் பிறகு திடீரென்று 81 வரும் புத்தகத்தை வாங்கி ஏமாந்தவர்கள் இருப்பீர்கள். அங்கே விட்டுப்போனது 16 பக்கம், அதாவது முழுசாக ஐந்தாவது பாரம். அடுக்கும்போது அந்த ஒரு மடிப்பை எடுக்க மறந்திருக்கிறார்கள். அதே பாரத்தை இரண்டு தடவை வைத்துவிடுவதும் உண்டு, தலைகீழாக வைத்துவிடுவதும் உண்டு. பக்கம் பக்கமாக அச்சடிப்பதாக இருந்தால் பிழை இத்தனை ஒழுங்காக 16 பக்கத்துக்கு விழாது.

பழைய தமிழ்ப் புத்தகங்களில் தொடக்கத்தில் நூல் விவரம் என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் "அளவு: டெம்மி 1/8" என்றோ "கிரவுன் 1/8" என்றோ போட்டிருப்பார்கள். டெம்மி என்பது 17.5க்கு 22.5 அங்குலத் தாள். அதை மூன்று தடவை மடித்தால் எட்டில் ஒரு பங்கு. விளிம்பு வெட்டிய பிறகு ஏறக்குறைய 5.5க்கு 8.5 அங்குலப் புத்தகம் கிடைக்கும். கிரவுன் என்பது 15க்கு 20 அங்குலம், அதன் எட்டில் ஒன்று கைக்கு அடக்கமான சிறிய புத்தகம். அதே பக்கத்தில் "தாள்: 11.6 கிலோ" என்று இருந்தால் அது புத்தகத்தின் எடை இல்லை. அந்த வகைத் தாளில் ஒரு ரீம், அதாவது 500 தாள், எத்தனை கிலோ என்பது. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் பேப்பர் வாங்கப் போனவர்களுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. இந்த நூல் விவரப் பக்கத்தை இப்போது பல பதிப்பகங்கள் விட்டுவிட்டன. அதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. ஒரு பொருள் எதனால் செய்யப்பட்டது என்று வாங்குகிறவருக்கு நேர்மையாகச் சொன்ன பக்கம் அது.

## ஓலை ஏன் வேறு மாதிரி?

மடிப்பைப் புரிந்துகொண்டால் நம்முடைய ஓலைச்சுவடி ஏன் அந்த வடிவத்தில் இருந்தது என்பதும் விளங்கும். பனையோலையை நறுக்கி, நடு நரம்பை எடுத்து, வேகவைத்து, உலர்த்தி, தேய்த்து வழவழப்பாக்குவார்கள். எழுத்தாணியால் எழுத்தைக் கீறுவார்கள். கீறியது கண்ணுக்குத் தெரிய விளக்குக் கரி கலந்த மையைப் பூசித் துடைப்பார்கள், கீறலுக்குள் மட்டும் கறுப்பு தங்கும். ஓலை ஒடியுமே தவிர மடியாது. அதனால் ஒவ்வொரு ஏடும் தனி. துளை போட்டுக் கயிறு கோத்து, மேலும் கீழும் சட்டம் வைத்துக் கட்டினால் சுவடி. நீளமாகவும் குறுகலாகவும் இருப்பது பனையோலையின் இயல்பு, அதை மனிதர் மாற்ற முடியாது.

கயிறு அறுந்தால் ஏடுகள் கலைந்துபோகும். பூச்சி அரிக்கும். நம் வெப்பத்தில் சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்குவது கடினம், மறுபடி மறுபடி படியெடுக்க வேண்டும். படியெடுக்க ஆள் இல்லாத நூல் அழிந்தது. உ.வே.சாமிநாதையர் போன்றவர்கள் ஊர் ஊராகச் சுவடி தேடி அலைந்ததற்குப் பின்னால் இந்த அவசரம் இருந்தது. 1887இல் அவர் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தது அப்படிப்பட்ட தேடலுக்குப் பிறகுதான்.

எகிப்திலும் கிரேக்கத்திலும் ரோமிலும் பாப்பிரஸ் என்ற நாணலில் செய்த தாளைச் சுருளாகச் சுற்றி வைத்தார்கள். பிறகு பதப்படுத்திய ஆட்டுத்தோல், கன்றுத்தோல் பரவியது. தோல் மடியும், மடித்தால் உடையாது, மடிப்பின் மேல் நூல் கோத்துத் தைக்கலாம். அப்படி மடித்துத் தைத்த புத்தகம் ரோமானியர் காலத்தில் தோன்றி, 4ஆம் நூற்றாண்டு வாக்கில் அந்தப் பகுதிகளில் சுருளை முந்திவிட்டது. நாம் இன்று கையில் பிடித்திருப்பது அதே வடிவம். குட்டன்பர்க் பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டு முன்பே அது வந்துவிட்டது.

## குட்டன்பர்க் செய்தது எது?

அப்படியானால் அச்சையாவது அவர் கண்டுபிடித்தாரா? அதுவும் இல்லை. மரப்பலகையில் ஒரு பக்கத்தை முழுதாக, கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாற்றிச் செதுக்கி, மை தடவி, தாளை வைத்து அழுத்தி எடுப்பது சீனாவில் பழைய தொழில். 868ஆம் ஆண்டு தேதியிட்ட வஜ்ரசூத்திரச் சுருள் அப்படி அச்சானது. 11ஆம் நூற்றாண்டில், 1040களில், பி ஷெங் என்பவர் சுட்ட களிமண்ணில் தனித்தனி எழுத்துகள் செய்தார். கொரியாவில் 1377இல் உலோக எழுத்தால் அச்சான ஒரு பௌத்த நூல் இன்றும் இருக்கிறது.

ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தில் குட்டன்பர்க் 1450களில் செய்த காரியம் வேறு. உலோக எழுத்துகளை ஒரே அளவில், வேகமாக, எத்தனை வேண்டுமானாலும் வார்த்தெடுக்க ஒரு முறையை அவர் உண்டாக்கினார். எழுத்தை முதலில் கெட்டியான உலோகக் கம்பியின் முனையில் செதுக்குவது, அதைச் செம்பில் அடித்துப் பள்ளமாக்குவது, அந்தப் பள்ளத்தில் காய்ச்சிய உலோகத்தை ஊற்றி எழுத்தை எடுப்பது. உலோகம் ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி கலந்தது. ஈயம் மட்டும் என்றால் நசுங்கிவிடும், ஆன்டிமனி சேர்ந்தால் கெட்டிப்படும். உலோகத்தில் ஒட்டும் எண்ணெய் மை, பலமாக அழுத்தும் பிரஸ் ஆகியவற்றையும் இதனோடு சேர்த்தார். 1455 வாக்கில் முடிந்த அவருடைய பைபிள் ஏறக்குறைய 180 படிகள் அச்சானதாகக் கணக்கிடுகிறார்கள். அதுவும் பெரும்பாலும், ஒரு தடவை மடித்த ஐந்து தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, 20 பக்கத் தொகுதிகளாகத்தான் தைக்கப்பட்டது. பள்ளிக்கூட நோட்டு மாதிரியே.

ஆக, மூன்று தனித்தனிக் கதைகளை நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம்: எதன் மேல் எழுதுவது, எழுதியதை எப்படிச் சேர்த்துக் கட்டுவது, ஒன்றை எப்படிப் பலவாக்குவது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில், ஒவ்வொரு காலத்தில் நடந்தது. குட்டன்பர்க்கின் பங்கு மூன்றாவதில்.

## தமிழ் எழுத்து ஈயத்துக்கு வந்தது

தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் முதல் புத்தகம் 'தம்பிரான் வணக்கம்'. 1578இல் கொல்லத்தில், அன்றிக் அடிகளார் என்று நாம் அழைக்கும் என்ரிக்கே என்ரிக்கஸ் முயற்சியில் வந்தது. மொத்தம் 16 பக்கம். 1712இல் தரங்கம்பாடியில் பாதிரியார் சீகன்பால்குவுக்கு அச்சு இயந்திரம் வந்து சேர்ந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்ததால் தாள் நிறையச் செலவானது. அதனால் இங்கேயே சின்ன எழுத்தாக வார்த்துக்கொண்டார்கள்.

நம்ம சென்னைக்கு அச்சுக்கூடம் வந்தது போரின் வழியாக. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்த அச்சு இயந்திரத்தையும் கொண்டுவந்தார்கள். அது வேப்பேரியில் இருந்த பாதிரியார் பப்ரிசியுஸ் கைக்கு, அரசாங்க வேலையை முதலில் செய்து தர வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்தது. அவர் தொகுத்த தமிழ் ஆங்கில அகராதி 1779இல் வேப்பேரியில் அச்சானது. திருக்குறள் மூலம் 1812இல் சென்னையில் அச்சேறியது. 1835இல் அச்சுக்கூடம் நடத்துவதற்கு இருந்த கட்டுப்பாடு நீங்கியதும் தமிழர்கள் சொந்தமாக அச்சகம் வைப்பது பெருகியது. ஆறுமுக நாவலரின் அச்சகம் தங்கசாலைத் தெருவில் இருந்தது. இன்று மின்ட் என்று சொல்லும் அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் எத்தனை பேருக்கு இது தெரியுமோ.

## ஈய எழுத்தில் ஒரு பாரம்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பழைய புத்தகங்களின் பல விநோதங்களுக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

எழுத்துக் கோப்பவருக்குக் கம்பாசிட்டர் என்று பெயர். அவர் முன்னால் சாய்வாக, அறை அறையாகப் பிரித்த மரப்பெட்டி இருக்கும், அதற்குக் கேஸ் என்று பெயர். ஆங்கிலத்துக்குக் கொஞ்சம் அறை போதும். தமிழில் 'கா', 'கெ' போன்றவற்றுக்குத் துணைக்காலையும் கொம்பையும் தனியாக வைத்துச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் கு, கூ, சு, சூ என்று ஒவ்வொரு உகரத்துக்கும் ஊகாரத்துக்கும் தனி எழுத்து வேண்டும். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்பு ணா, றா, னா, லை, ளை போன்றவற்றுக்கும் தனி வடிவம் இருந்தது. அத்தனை அறைகளையும் பார்க்காமலே கை போய் எடுக்க வேண்டும், எழுத்தும் இடவலம் மாறி இருக்கும். அந்தத் திறமையை நாம் போதுமான அளவு கொண்டாடவில்லை.

கோத்த வரிகள் பக்கமாகும். பக்கங்களை நாம் தாளில் பார்த்த அந்த வரிசையில் இரும்புச் சட்டத்துக்குள் வைத்து, அசையாதபடி முடுக்கினால் தாளின் ஒரு பக்கத்துக்கான அச்சு தயார். மறுபக்கத்துக்கும் அப்படியே. மெஷினில் ஏற்றி, வேண்டிய படிகளை அடித்து முடித்ததும், எழுத்துகளைப் பிரித்துத் திரும்பவும் கேஸில் போட்டுவிடுவார்கள்.

ஏன் பிரிக்க வேண்டும்? ஏனென்றால் சின்ன அச்சகத்திடம் முழுப் புத்தகத்துக்கும் போதுமான ஈய எழுத்து இருக்காது. ஒரு பாரத்தை அடித்துப் பிரித்தால்தான் அடுத்த பாரத்தைக் கோக்க முடியும். இதனால் எழுத்தாளரும் பாரம் பாரமாகத்தான் புரூஃப் பார்த்தார். மூன்றாம் பாரத்தில் ஒரு தவறு இருப்பது பத்தாம் பாரத்தின்போது கண்ணில் பட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை. தாள் அச்சாகி அடுக்கியிருக்கும், எழுத்து கலைந்திருக்கும். பழைய தமிழ்ப் புத்தகங்களின் கடைசியில் பிழை திருத்தப் பட்டியல் இருப்பதற்கு இதுவே காரணம். கவனக்குறைவு என்று அதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. செய்ய முடிந்த ஒரே திருத்தம் அதுதான்.

முன்னுரை, பொருளடக்கப் பக்கங்களுக்கு மட்டும் தனியாக ரோமன் எண் போட்டிருப்பதும் இப்படித்தான். பக்க எண்கள் முடிவாகாமல் பொருளடக்கம் போட முடியாது, ஆகவே முன்பகுதி கடைசியில் அச்சானது. அப்புறம், சில பழைய புத்தகங்களில் 17, 33, 49 போன்ற பக்கங்களின் அடியில் நூல்பெயரின் முதலெழுத்தும் ஓர் எண்ணும் பொடியாக இருக்கும். அது வாசகருக்கானது அல்ல. எது எத்தனையாவது பாரம் என்று பைண்டருக்குச் சொல்லும் அடையாளம். பழைய புத்தகக் கடைக்குப் போனால் புரட்டிப் பாருங்கள், கண்ணில் படும்.

பூங்கா நகர், கந்தகோட்டம் பக்கம் ஒரு காலத்தில் காசுக்கும் அணாவுக்கும் விற்ற குஜிலிப் புத்தகங்கள் பெரும்பாலும் எட்டுப் பக்கம். கொலை, ரயில் விபத்து, வெள்ளம், புதுச் சட்டம் என்று அந்த வாரத்துச் செய்தியைப் பாட்டாக்கி விற்றார்கள். எட்டுப் பக்கம் என்றால் அரைப் பாரம். தாளின் ஒரு பக்கத்தில் எட்டையும் அடித்து, தாளைத் திருப்பி அதே எட்டையும் மறுபடி அடித்து, நடுவில் வெட்டினால் ஒரு தாளில் இரண்டு புத்தகம் கிடைக்கும். அவ்வளவு மலிவாக விற்க வழிசெய்யும் கணக்கு இது.

சுருக்கமாக: ஈய எழுத்துக் காலத்தில் புத்தகம் ஒரே மூச்சில் அச்சாகவில்லை. ஒவ்வொரு பாரமாக, வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் வளர்ந்தது.

## தையலும் பசையும்

அச்சான தாள்களை மடித்து, வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் ஊசி நூலை ஓட்டி, ஒரு பாரத்தை அடுத்த பாரத்தோடு பிணைத்தால் அது செக்ஷன் தையல். இப்படித் தைத்த புத்தகம் விரித்து வைத்தால் விரிந்தே நிற்கும், இலேசில் கழலாது. இன்று அதிகம் பார்ப்பது பெர்ஃபெக்ட் பைண்டிங். அடுக்கிய பாரங்களின் முதுகு மடிப்பை மெஷின் சீவி எடுத்துவிடும். எல்லாம் தனித்தனித் தாளாகிவிடும். சொரசொரப்பான அந்த முதுகில் சூடான பசையைத் தடவி அட்டையை ஒட்டுவார்கள். வேகம் அதிகம், செலவு குறைவு. ஆனால் பசை காய்ந்து இறுகினால் நடுவில் வெடித்து, தாள் தாளாக உதிரும். நூறு பேர் கை மாறும் நூலகப் புத்தகத்துக்கு இது பொருத்தமே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

ஈய எழுத்து போய் ஆஃப்செட் வந்தபோது பக்கங்கள் மெல்லிய உலோகத் தகட்டுக்கு மாறின. எண்ணெய் மையும் தண்ணீரும் ஒட்டாது என்பதை வைத்து வேலை செய்யும் முறை அது. ஆனாலும் தாள் பெரியதுதான், மடிப்பு அதேதான், பாரக் கணக்கும் மாறவில்லை. பாரத்தைத் தேவையில்லாமல் செய்தது டிஜிட்டல் அச்சுதான். கேட்கும்போது பத்து, இருபது படி மட்டும் அடித்துத் தரும் அந்த முறையில், பெரும்பாலும் சின்னத் தாள்களை இருபுறமும் அச்சடித்து அப்படியே பசை போட்டுவிடுகிறார்கள். அங்கே 162 பக்கம் என்றால் 162 பக்கமே வரும், யாரும் கெஞ்ச வேண்டியதில்லை. குறைந்த படிகள் போதும் என்கிற எழுத்தாளருக்கு அது பெரிய உதவி.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். செக்ஷன் தையல் போட்ட புத்தகம் பழசாகி நூல் அறுந்தால், பைண்டர் பிரித்து அதே மடிப்பில் மறுபடி தைத்துவிடுவார், எழுத்து எதுவும் மறையாது. பசை விட்ட புத்தகத்தில் தைக்க மடிப்பே இருக்காது. பக்கவாட்டில் துளை போட்டுத் தைக்கலாம், அப்போது உள்விளிம்பில் கொஞ்சம் இடம் போய்விடும், விரித்தாலும் முழுதாக விரியாது. அதனால் புத்தகம் போடப் போகிறவர்கள் அச்சகத்தில் விலை கேட்கும்போது, செக்ஷன் தையலுக்கு எவ்வளவு ஆகும் என்று தனியாகக் கேட்டு, உள்விளிம்பைத் தாராளமாக விடச் சொல்லுங்கள்.